மெமோரியல் டே ஊர்வலத்துக்கு மாமனாரோடும் மகளோடும் போகிறவருக்கு

கேள்வி இது: "நியூ ஜெர்சியில் எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம். மே மாதக் கடைசித் திங்களன்று எங்கள் ஊரில் மெமோரியல் டே ஊர்வலம். மகள் கேர்ள் ஸ்கவுட் குழுவோடு நடக்கிறாள். மெட்ராஸ் ரெஜிமென்டில் 22 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற என் மாமனார் இப்போது எங்களோடு இருக்கிறார், அவரும் வர ஆசைப்படுகிறார். அங்கே வரும் முன்னாள் ராணுவத்தினருக்கு எப்படி மரியாதை செய்வது? என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது? மாமனார் மெடல் அணிந்து வரலாமா? எங்கள் தமிழ்ச் சங்கமும் பேனரோடு கலந்துகொள்ளலாமா?"

முதலில் ஒன்று. "ஹேப்பி மெமோரியல் டே" என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன். மாசசூசெட்ஸில் எங்கள் ஊருக்கு வந்த முதல் வருடம், வியட்நாம் போரில் இருந்தவர் என்று காட்டும் தொப்பி போட்ட ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "என் நாள் நவம்பரில் வரும், அப்போது சொல். இன்றைக்கு வர முடியாதவர்களுடைய நாள்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையை விடாமலே நின்றிருந்தேன். இப்போது ஊர்வலக் குழுவில் 6 வருடமாக இருக்கிறேன். நாற்காலி போடுவதும் தண்ணீர் பாட்டில் கொடுப்பதும்தான் என் வேலை, பெரிய பதவி ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலையில் இருந்தால் யார் எங்கே நிற்கிறார்கள், எதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படும்.

இந்த நாட்டில் ராணுவத்துக்கென்று முக்கியமாக மூன்று நாட்கள் உண்டு. மே மாத மூன்றாம் சனிக்கிழமை ஆர்ம்டு ஃபோர்சஸ் டே, இன்று சீருடையில் இருப்பவர்களுக்கு. மே மாதக் கடைசித் திங்கள் மெமோரியல் டே, பணியில் இருந்தபோது உயிர் விட்டவர்களுக்கு. நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, ராணுவத்தில் இருந்து வந்த எல்லோருக்கும். நவம்பர் தேதி முதல் உலகப் போர் நின்ற 1918 நவம்பர் 11-ஐ வைத்து வந்தது. முதலில் ஆர்மிஸ்டிஸ் டே என்றுதான் பெயர், 1954-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டு மாற்றினார். அதையும் நீண்ட வார இறுதிக்காக 1971-ல் அக்டோபர் திங்களுக்குத் தள்ளிப் பார்த்தார்கள். முன்னாள் படையினர் ஒப்புக்கொள்ளவில்லை, 1978-ல் பழைய தேதிக்கே திரும்பிவிட்டது.

மெமோரியல் டே அதைவிடப் பழையது. 1861-65-ல் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். 1865 மே 1 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி, சிறைமுகாமாக இருந்த குதிரைப்பந்தய மைதானத்தில் இறந்த வடக்குப்படைச் சிப்பாய்களின் கல்லறைகளுக்குப் பூவோடு ஊர்வலம் போனார்கள். குழந்தைகள் கையில் ரோஜா. 1868-ல் ஜெனரல் ஜான் லோகன், முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, மே 30 அன்று நாடு முழுக்கக் கல்லறைகளுக்குப் பூச்சூட்டச் சொல்லி ஆணை இட்டார். அதனால் வெகுகாலம் அதற்கு டெகரேஷன் டே என்றே பெயர். 'இங்கேதான் தொடங்கியது' என்று உரிமை கொண்டாடும் ஊர்கள் பல. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூவுக்கு 1966-ல் அரசு அங்கீகாரமே கிடைத்தது. 1971-லிருந்துதான் திங்கட்கிழமை. மெத்தைத் தள்ளுபடியும் பார்பெக்யூ புகையும் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை.

உங்கள் மாமனாருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். நடுகல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செங்கம் பக்கம் போனால் இன்றும் வயல் வரப்பில் நிற்கிற கல்தான். செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டி, மயில் பீலி சூட்டி, படையல் வைத்தவர்கள் நம் ஆட்கள். இவர்கள் சின்னக் கொடி நடுகிறார்கள்.

சரி, ஊர்வலத்துக்கு வருவோம். முன்னால் போலீஸ் வண்டி. அப்புறம் கலர் கார்டு, அதாவது கொடி தாங்கி வருகிற நால்வரோ ஐவரோ. அவர்களுக்குப் பின்னால் முன்னாள் படையினர். நடக்க முடிந்தவர்கள் நடப்பார்கள், முடியாதவர்கள் திறந்த காரில் வருவார்கள். அவர்களுக்குப் பிறகு பள்ளி பேண்ட், ஸ்கவுட், லிட்டில் லீக் பேஸ்பால் பிள்ளைகள், கை ஆட்டிக்கொண்டே வரும் அரசியல்வாதிகள், கடைசியில் காதைக் கிழிக்கும் தீயணைப்பு வண்டி. மொத்தமே 40 நிமிடம். இதில் உங்கள் மரியாதையைக் காட்ட வேண்டிய முதல் இடம், அந்தக் கொடி உங்களைக் கடக்கும் அரை நிமிடம். உட்கார்ந்திருந்தால் எழுந்து நில்லுங்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். போனை இறக்குங்கள். நெஞ்சில் கை வைப்பது அமெரிக்கக் குடிமக்களுக்கு. மற்ற நாட்டுக் குடிமக்கள் அட்டென்ஷனில் நின்றால் போதும் என்று கொடிச் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய கீதத்துக்கும் எழுந்து நில்லுங்கள். ஆகவே விசாவில் இருக்கிற நீங்கள் நெஞ்சில் கை வைக்காததால் குற்றமில்லை, யாரும் திரும்பிப் பார்க்கப் போவதுமில்லை. உங்கள் மகள் இங்கே பிறந்தவள் என்றால் அவள் வைக்கட்டும். ஒரே குடும்பத்தில் ஒருவர் கை நெஞ்சிலும் ஒருவர் கை பக்கவாட்டிலும் இருப்பது எங்கள் ஊர் நடைபாதையில் சாதாரணக் காட்சி.

முன்னாள் படையினர் வரும்போதும் எழுந்து நின்று கைதட்டுங்கள். துக்க நாளில் கைதட்டலாமா என்று எனக்கும் முதலில் சந்தேகம் இருந்தது. தட்டலாம், எல்லோரும் தட்டுவார்கள். விசில் வேண்டாம். சென்ற முறை ஒருவர் ஐபிஎல் ஆட்டத்துக்குப் போனவர் மாதிரி விசில் அடித்தார், காரில் இருந்த பெரியவர் திடுக்கிட்டுப் போனார். பலூன், வெடிக்கும் பொம்மை எதையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். திடீர்ச் சத்தம் சிலரைப் போர்க்களத்துக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடும்.

என்ன சொல்லலாம் என்று கேட்டீர்கள். "தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்" என்பது தப்பில்லை. ஆனால் கடைக் கல்லாவில் சில்லறையோடு சேர்த்துச் சொல்வது மாதிரி ஆகிவிட்டது, பலருக்கு அது கூச்சமாகவே இருக்கிறது. மெமோரியல் டே அன்று கையைக் குலுக்கி, "இன்றைக்கு யாரை நினைத்துக்கொண்டு நடக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் தலையை மட்டும் ஆட்டுவார்கள். சிலர் ஒரு பெயரைச் சொல்வார்கள். பெயரைச் சொன்னால் நின்று கேளுங்கள், பின்னால் தீயணைப்பு வண்டி வந்தாலும் பரவாயில்லை.

வியட்நாம் தொப்பி போட்டவர்களுக்கு வேறு ஒரு சொல் உண்டு: "வெல்கம் ஹோம்." ஐம்பது வருடத்துக்கு முன் திரும்பி வந்தவரிடம் இப்போது போய் அதைச் சொல்வதா என்று தோன்றும். காரணம் இருக்கிறது. அந்தப் போருக்குப் பெரும்பாலோர் தனித்தனியாகப் போனார்கள், ஒரு வருடம் முடிந்ததும் தனித்தனியாகவே விமானம் ஏறி வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் போல மொத்தப் படையும் கப்பலில் வந்து இறங்க, ஊரே வரவேற்ற காட்சி அவர்களுக்கு இல்லை. போரை வெறுத்த நாடு, போனவர்களையும் சேர்த்து வெறுத்தது, அல்லது கண்டுகொள்ளாமல் விட்டது. பலர் சீருடையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு வாயைத் திறக்கவே இல்லை. கடைசிப் போர்ப்படை வியட்நாமை விட்டது 1973 மார்ச் 29. நியூயார்க் அவர்களுக்கென்று காகிதத் துண்டுகள் பறக்க ஊர்வலம் நடத்தியது 1985 மே மாதம், சிகாகோ 1986 ஜூன். 12, 13 வருடம் கழித்து! ஆனால் 1991-ல் வளைகுடாப் போர் முடிந்த சில மாதத்திலேயே வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் பிரமாண்டமான ஊர்வலங்கள் நடந்துவிட்டன. வியட்நாம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் "வெல்கம் ஹோம்" சொல்லிக்கொள்வது இதனால்தான். வெளியாள் சொன்னாலும் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். 2017-லிருந்து மார்ச் 29-ஐயே அவர்களுக்கான நாளாகச் சட்டம் வைத்திருக்கிறது.

கேட்கக் கூடாதது ஒன்று உண்டு, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "யாரையாவது சுட்டீங்களா?" பத்து வயதுப் பையனுக்கு அது இயல்பான கேள்விதான். பதிலுக்கு வரும் மௌனம் அவனுக்குப் புரியாது. "எந்தப் படை? எங்கே இருந்தீர்கள்? என்ன வேலை?" என்று கேட்கச் சொல்லுங்கள். சமையல்காரர், மெக்கானிக், ரேடியோ ஆபரேட்டர் என்று பதில் வரும், பேச்சும் தானாக வளரும். இன்னொன்று, தமிழில் நாம் எல்லோரையும் 'ராணுவ வீரர்' என்று சொல்லிவிடுகிறோம். இங்கே 'சோல்ஜர்' என்றால் ஆர்மிக்காரர் மட்டும். மரீன் என்ற தனிப் படையைச் சேர்ந்த ஒருவரை சோல்ஜர் என்று கூப்பிட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே திருத்துவார், ஆனால் திருத்தாமல் விடமாட்டார். அப்புறம், தொப்பி போட்ட ஒரு பெண்ணைப் பார்த்து "உங்கள் கணவர் எந்தப் படையில் இருந்தார்?" என்று கேட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஈராக் போய் வந்த ஒரு பெண்மணி இந்தக் கேள்விக்காகவே தொப்பியைக் கழற்றிவிட்டு வருகிறார். ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போய் வந்த தலைமுறையில் பாதிப் பேர் அணிவகுப்பிலேயே சேருவதில்லை. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

தங்க நட்சத்திரப் பின் அணிந்தவர்களைப் பார்த்தால் அது அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். மகனையோ கணவனையோ மனைவியையோ படையில் இழந்த குடும்பம் என்று அர்த்தம். அவர்களிடம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை என்றால் சொல்ல வேண்டாம், தலை வணங்கினால் போதும்.

இப்போது மாமனார். அவர் தாராளமாக வரலாம், மெடலும் அணியலாம். கோட்டின் இடது மார்பில், அவர் எப்படி ரெஜிமென்ட் விழாவுக்கு அணிவாரோ அப்படியே. பழைய சீருடை வேண்டாம், பிளேசர் போதும். இங்கே சம்பாதிக்காத மெடலை மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் மீது கடும் வெறுப்பு உண்டு, அப்படிப் பொய் சொல்லி ஆதாயம் தேடினால் தண்டிக்க 2013-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதனால் யாராவது "இது எதற்குக் கொடுத்தது?" என்று கேட்டால் சந்தேகப்படுகிறார் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் ஆர்வம்தான். ஒவ்வொரு மெடலுக்கும் இரண்டு வரி ஆங்கிலத்தில் சொல்ல நீங்கள் தயாராக இருங்கள். சல்யூட்? சீருடையில் இல்லாத அமெரிக்க முன்னாள் படையினர் கொடிக்குச் சல்யூட் செய்யலாம் என்று 2008-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், அவர்கள் செய்வார்கள். உங்கள் மாமனாருக்கு வெறுந்தலையோடு சல்யூட் அடிக்கக் கூடாது என்பது கைவந்த பழக்கமாக இருக்கும். அவர் சாவ்தானில், அதாவது அட்டென்ஷனில், நின்றால் அதுவே சரி. அந்த நடைபாதையில் அவரைவிட நேராக யாரும் நிற்கப் போவதில்லை.

அவர்களோடு சேர்ந்து நடக்க ஆசைப்பட்டால் அன்று காலையில் போய் வரிசையில் நுழைந்துவிட வேண்டாம். பெரும்பாலான ஊர்களில் அமெரிக்கன் லீஜன் அல்லது வி.எஃப்.டபிள்யூ என்ற முன்னாள் படையினர் சங்கத்தின் கிளை ஒன்று இருக்கும். ஒரு வாரம் முன்பே அங்கே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள். உறுப்பினராக முடியாது, விருந்தினராக நடக்கச் சொல்லி அழைக்க வாய்ப்பு உண்டு. 1758-ல் தொடங்கிய ரெஜிமென்ட் என்று சொல்லுங்கள். அமெரிக்கா என்ற நாடு பிறந்ததே 1776-ல்தான், அந்தக் கணக்கு அவர்களுக்கு உடனே புரியும். கொரியப் போரில் இருந்த யாராவது காரில் வந்தால் கட்டாயம் இதைச் சொல்லுங்கள்: இந்தியா அந்தப் போருக்குச் சண்டைப்படை அனுப்பவில்லை, மருத்துவப்படை அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் போன 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். 1951 மார்ச்சில் அமெரிக்காவின் 187-ஆவது வான்குடைப் படை முன்சான்-னியில் குதித்தபோது நம் மருத்துவர்கள் சிலரும் கூடவே குதித்தார்கள். அந்தப் போரில் இருந்தவர்கள் இப்போது தொண்ணூறைத் தாண்டியவர்கள். இரண்டு கிழவர்களுக்கும் பொதுவாக ஒரு பேச்சு கிடைத்துவிடும், மொழிபெயர்க்க நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

"நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று சங்கத்தில் யாராவது கேட்பார்கள், எங்களிடமும் கேட்டார்கள். பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி 1918-ல் அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு இருந்தவர். அவருக்கே 1923-ல் உச்ச நீதிமன்றம், நீ வெள்ளையன் இல்லை என்று குடியுரிமையை மறுத்தது. முதல் உலகப் போரில் இருந்தவர்களுக்கு வழி திறந்த பிறகு, 1936-ல்தான் கிடைத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், 2009-லிருந்து 2016 வரை கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காக ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட திட்டம் ஒன்று இருந்தது. வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது.

சங்கம் கலந்துகொள்ளலாம். ஊர்வலக் குழுவுக்கோ நகர அலுவலகத்துக்கோ சில வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள், எங்கள் குழுவில் ஏப்ரல் கடைசியோடு பட்டியலை மூடிவிடுவோம். பேனரில் சங்கத்தின் பெயர் மட்டும் போதும். ஸ்பான்சர் பட்டியல், ரியல் எஸ்டேட் விளம்பரம், ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு எதுவும் வேண்டாம். பறை கொண்டுவரலாமா என்று எங்கள் சங்கத்தில் பெரிய விவாதமே நடந்தது. சாவுக்கு அடிக்கிற பறை இந்த நாளுக்குத்தானே பொருத்தம் என்றார் ஒருவர், நியாயமான வாதம். ஆனால் சாலையோரம் நிற்பவருக்கு அது கொண்டாட்டமாகத்தான் கேட்கும். ஜூலை 4 ஊர்வலத்துக்குப் பறையை வைத்துக்கொண்டோம், மே மாதத்துக்குப் பூத்தட்டு எடுத்துப் போனோம். நம் ஆட்களுக்குப் பூ கட்டச் சொல்லியா தர வேண்டும்?

உண்மையில் ஊர்வலத்தைவிட முக்கியமான வேலை அதற்கு முந்தைய வார இறுதியில் நடக்கிறது. ஸ்கவுட் பிள்ளைகளும் லீஜன் ஆட்களும் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு முன்னாள் படையினர் கல்லறைக்கும் சின்னக் கொடி நட்டுக்கொண்டு போவார்கள். ஆள் எப்போதும் பற்றாது. மகளின் குழுவில் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள், மாமனாரையும் கூட்டிப் போங்கள். கல்லறையருகே இருக்கும் வெண்கல அடையாளத்தில் எந்தப் போர் என்று இருக்கும். கொடியை நட்டதும் கல்லில் உள்ள பெயரைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார் எங்கள் லீஜன் தலைவர். 1863-ல் பத்தொன்பது வயதில் போனவனின் பெயரை என் மகன் திக்கித் திக்கிப் படித்தான்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் போரில் இறந்தவர்களின் நினைவாகக் காகிதத்தில் செய்த சிவப்பு பாப்பிப் பூ தருவார்கள். விலை கிடையாது, முடிந்ததைப் பெட்டியில் போடலாம். வி.எஃப்.டபிள்யூ 1922-லிருந்து இதைச் செய்கிறது. பூக்களைச் செய்பவர்கள் ஊனமுற்ற, உதவி தேவைப்படும் முன்னாள் படையினர். சட்டையில் குத்திக்கொண்டு வாருங்கள்.

ஊர்வலம் பெரும்பாலும் கல்லறைத் தோட்டத்திலோ ஊர்ப் பூங்காவின் நினைவுக்கல்லிலோ போய் முடியும். இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். தீயணைப்பு வண்டி போனதும் நாற்காலியை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாலையில் ஆயிரம் பேர் நின்றால் கல்லறையில் எண்பது பேர்கூட இருக்க மாட்டார்கள், மேடையிலிருந்து பார்க்கிற முன்னாள் படையினருக்கு அது தெரியும். நீங்கள் ஒன்றே ஒன்று செய்வதாக இருந்தால், கூடவே நடந்து போய்க் கடைசிவரை நில்லுங்கள். ஊரில் இறந்தவர்களின் பெயர்களைப் படிப்பார்கள். எங்கள் ஊரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி. பிறகு ஏழு பேர் வானை நோக்கி மூன்று முறை சுடுவார்கள். இது 21 குண்டு மரியாதை இல்லை, அது பீரங்கிக்கு உரியது. குழந்தைகளிடம் சத்தம் வரும் என்று முன்பே சொல்லி வையுங்கள், நாயை வீட்டில் விட்டு வாருங்கள். கடைசியாக பியூகிளில் 'டேப்ஸ்', மொத்தம் 24 சுரம். உள்நாட்டுப் போரின்போது 1862-ல் வர்ஜீனியா முகாமில் விளக்கணைக்கும் அழைப்பாகப் பிறந்த மெட்டு. இறந்தவர்களுக்காக நம் ராணுவத்தில் ஊதுகிற, மாமனாருக்குத் தெரிந்த 'லாஸ்ட் போஸ்ட்' வேறு மெட்டு. ஆனால் எதற்காக ஊதுகிறார்கள் என்று கேட்க மாட்டார். முடிந்ததும் கைதட்ட வேண்டாம். எல்லாம் கலைந்த பிறகு பிள்ளைகள் புல்லில் சிதறிய வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்க ஓடுவார்கள், எங்கள் ஊரில் அதை யாரும் தடுப்பதில்லை.

பிள்ளை கையில் இருக்கும் சின்னக் கொடியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். பல லீஜன் கிளைகளின் வாசலில் பழைய கொடிக்கென்று பெட்டி இருக்கும். ஜூன் 14 கொடி நாளையொட்டி மரியாதையாக எரிப்பார்கள்.

அப்புறம் லீஜன் கூடத்தில் ஏதாவது சாப்பிடக் கூப்பிடுவார்கள். மறுக்காமல் போங்கள், கல்லறையில் பேசாதவர்கள் அங்கேதான் பேசுவார்கள். மாமனார் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் ஹாட் டாக் எதில் செய்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டோனட் இருக்கும். காபி சுமார்தான், ராணுவத்தில் குடித்துப் பழகியவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.